பழைய கோடாலி: வினாகிரியா, கரண்டா, கிரைண்டரா?

2022இல் காஸ் இல்லாமல் போனபோது திருகோணமலையில் எத்தனையோ வீடுகளில் விறகடுப்பு திரும்ப மூண்டது, மூலையில் கிடந்த கோடாலிகளையும் ஆட்கள் தேட ஆரம்பித்தார்கள். எனக்கு அகப்பட்டது இரண்டு. ஒன்று தம்பலகாமத்தில் அம்மப்பாவின் மாட்டுக்கொட்டில் கூரையில் செருகியிருந்தது. மற்றது உப்புவெளியில் கடலோரக் காணி ஒன்றைத் துப்புரவாக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தது. பிடி இல்லை, முழுக்கத் துரு, நங்கூரத் துண்டு என்றுதான் முதலில் நினைத்தேன். துருவை எடுக்க இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஆளை அடையாளம் பிடிக்க வேண்டும். பழைய இங்கிலாந்துக் கோடாலி என்றால் கன்னத்தில் எல்வெல், பிரேட்ஸ், கில்பின் மாதிரி ஏதாவது ஒரு பெயர் குத்தியிருக்கும், பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அது பெரும்பாலும் இறாத்தல் கணக்கு. 4 என்று இருந்தால் கிட்டத்தட்ட 1.8 கிலோ, தராசில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கோழிக்கால் மாதிரி மூன்று கோடு அம்பு இருந்தால் பிரித்தானிய அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தால் சேவையிலிருந்து கழித்து விற்றது என்று அர்த்தம். 1957 வரை இங்கே டொக்யாட் பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்ததால் அம்பு போட்ட இரும்பைக் கண்டு யாரும் பெரிதாக ஆச்சரியப்படத் தேவையில்லை, ஆனால் அம்பு இருக்கிறது என்பதற்காக உடனே 'யுத்தக்காலத்துச் சாமான்' என்று விலை சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். உப்புவெளிக் கோடாலியில் அம்பு இருந்தது, கம்பனிப் பெயர் பாதி அழிந்திருந்தது. அம்மப்பாவுடையதில் ஒரு எழுத்தும் இல்லை. கம்மாலையில் அடித்தது, அவ்வளவுதான்.

பெயரைவிட முக்கியம் வாய். அரத்தை வாயில் வைத்து இழுத்தால் கடித்துக்கொண்டே போகிறதென்றால் இரும்பு இளகியிருக்கிறது, கொஞ்சம் வழுக்கினால் நல்லது, உருக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்புறம் கண்ணை, அதாவது பிடி நுழைகிற ஓட்டையை, சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பின்தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் யாரோ அதைச் சம்மட்டியாகப் பாவித்திருக்கிறார்கள், அப்படியானதில் கண் வெடித்திருக்க நல்ல வாய்ப்புண்டு. பழைய பிடியை நெருப்பில் போட்டு எரித்து எடுத்த கோடாலி என்று தெரிந்தால் வாங்கவே வேண்டாம், உருக்கின் கடினம், அதாவது பதம், போயிருக்கும்.

சரி, துருவுக்கு வருவோம். கிரைண்டர்தான் ஆகக் கெதி, பத்து நிமிஷ வேலை. ஆனால் சூடு. வாய் ஓரம் வைக்கோல் நிறத்துக்கு வந்தாலே கையை எடுத்துவிட வேண்டும், நீலம் பூத்தால் கிட்டத்தட்ட 300 பாகை செல்சியஸ், அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. ஒரு பட்டறையில் அம்மப்பாவின் கோடாலியைக் 'கொஞ்சம் தட்டித் தாருங்கள்' என்று கொடுத்தேன், பளபளவென்று திரும்பி வந்தது, வாயின் ஒரு மூலை மட்டும் மயில் கழுத்து மாதிரி. அந்த மூலையைப் பிறகு அரத்தால் ராவித் தள்ளினேன், அரை அங்குலம் போயிற்று. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அதே டிஸ்க்கை உப்புவெளிக் கோடாலியில் வைத்திருந்தால் அம்பும் போயிருக்கும்.

வினாகிரி மெதுவானது, மலிவானது, மூக்குக்கு மட்டும் கஷ்டம். தலையை முழுக்க அமிழ்த்தி 24 மணித்தியாலம் விட்டு, வயர் பிரஷால் தேய்த்து, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் பூசினால் போதும். கூடுதலாக விட்டால் நல்ல இரும்பையும் தின்னும், மெல்லிய எழுத்து மங்கும். ஆனால் இதில் ஒரு லாபம் இருக்கிறது. கம்மாலைக் கோடாலியில் இரும்பு எங்கே முடிகிறது, உருக்கு எங்கே தொடங்குகிறது என்ற கோடு அமிலத்தில் தெளிவாக வெளிவரும். அம்மப்பாவுடையதில் அந்தக் கோட்டைப் பார்த்தபிறகுதான் அடித்தவர் எவ்வளவு உருக்கு வைத்து ஒட்டியிருக்கிறார் என்று விளங்கியது. பெயர் குத்தாத கோடாலிக்கு அதுதானே கையெழுத்து.

உப்புவெளிக் கோடாலிக்கு வினாகிரி தோற்றது. இரவு சாம்பல் நிறமாக வைத்தேன், விடியத் தோடம்பழ நிறம். கடல் உப்பு துருக்குழிகளுக்குள் இறங்கியிருந்தால் மேலே கழுவிப் பிரயோசனமில்லை. அதற்குக் கரண்ட்தான் சரி, கடலிலிருந்து எடுத்த இரும்பை நூதனசாலைகளில் சுத்தம் செய்வதும் இந்த முறையில்தான். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, பழைய 12 வோல்ட் பற்றரி சார்ஜர். கோடாலிக்கு நெகட்டிவ், பக்கத்தில் தொட்டுக்கொள்ளாமல் நிற்கிற கொங்கிறீட் கம்பிக்குப் பொசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் கோடாலிதான் கரையும். எவர்சில்வர் கரண்டியைக் கம்பிக்குப் பதிலாகப் போடவே கூடாது, நஞ்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். குமிழாக வருவது ஹைட்ரஜன் என்பதால் வெளித் திண்ணையில் வையுங்கள், பக்கத்தில் சுருட்டு வேண்டாம். நான் மூன்று நாளில் இரண்டு தரம் தண்ணீர் மாற்றினேன். அதற்குப் பிறகு அது திரும்பப் பூக்கவில்லை. புதிய சார்ஜர்கள் பற்றரியைக் காணாவிட்டால் வேலை செய்யாது, அது ஒரு தலையிடி.

ஆக, உள்நாட்டில் கிடந்ததற்கு வினாகிரி, கடலோரத்தில் கிடந்ததற்குக் கரண்ட். கிரைண்டர் கிடக்கட்டும்.

பிடிக்குப் பாலை மரமா சமண்டலை மரமா என்று வந்தபோது நான் பாலைப் பக்கம்தான் நின்றேன். மரக்காலையில் இருந்த ஐயா சிரித்தார். "தம்பி, பாலை வைரம்தான், ஆனா ஒவ்வொரு வெட்டும் உங்கட முழங்கையில வந்து நிக்கும்." சிங்களத்தில் ஹல்மில்ல என்கிற சமண்டலைக்கு வளைந்து கொடுக்கிற குணம் இருக்கிறது, அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதன் பெயரே திருகோணமலை மரம், ஒரு காலத்தில் படகு கட்டச் சென்னைவரை போனது. துண்டு எடுக்கும்போது நார் பிடியின் நீளத்துக்கு நேராக ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள், குறுக்கே ஓடினால் எந்த மரமும் முறியும்.

பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னையைவிட மோசமாக ஆடும். நான் ஓகஸ்ட் மாதம், கச்சான் நன்றாக வீசும்போது (சாப்பிடுகிற கச்சான் இல்லை, காற்று) மரம் முழுக்கக் காய்ந்திருக்கையில் பிடி போட்டு ஆப்பு இறுக்கினேன். மாரி வந்ததும் மரம் ஊதித் தானாகவே இறுகிக்கொண்டது. பிடிக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது, சிக்கு வாடை வரும். லின்சீட் ஒயில் பூசுங்கள், துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயப்போடுங்கள், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும்.

இப்போது விறகுக்கு அம்மப்பாவுடையதைத்தான் எடுக்கிறேன். அரை அங்குலம் குறைந்தும் உப்புவெளிக்காரனைவிட அதுதான் நன்றாக வெட்டுகிறது.