பிரிஸ்டலில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

அமெரிக்காவில் இரண்டு மாநிலங்களில் பரந்து கிடக்கும் பிரிஸ்டல் ஊரின் கடைத்தெருவுக்குப் பெயரே ஸ்டேட் ஸ்ட்ரீட். வடக்கு நடைபாதை வர்ஜீனியா, தெற்கு நடைபாதை டென்னசி. நடுரோட்டில் எல்லையைக் காட்டப் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். இந்தக் கால் ஒரு மாநிலத்தில், அந்தக் கால் இன்னொன்றில் என்று நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். எல்லைச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய் 1893ல் தீர்ப்பானது. அப்புறமும் 1901ல் தெருவின் வட பாதியை டென்னசி விட்டுக்கொடுத்த பிறகுதான் கோடு நடுத்தெருவுக்கு வந்தது.

குடிவருகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை: "டென்னசி பக்கம் போ, வருமான வரி கிடையாது." பாதிதான் சரி. டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை என்பது உண்மை. ஆனால் வீடு தெற்கே, வேலை வடக்கே என்றால் அந்தச் சம்பளத்துக்கு வர்ஜீனியா வரி கட்டியே ஆக வேண்டும். திருப்பிப் போட்டாலும் தப்ப முடியாது: வீடு வடக்கே, வேலை தெற்கே என்றாலும் வர்ஜீனியாவாசி வர்ஜீனியாவுக்குக் கட்ட வேண்டும். வீடும் வேலையும் தெற்கே இருந்தால்தான் லாபம். ஆண்டுக்கு 50,000 டாலர் வாங்கும் தனி ஆளுக்கு அது சுமார் 2,000 டாலர்.

விட்டதை டென்னசி கடையில் பிடித்துக்கொள்கிறது. அங்கே விற்பனை வரி 9.25 சதவீதம், எதிர்ச்சாரியில் 5.3. ஆயிரம் டாலர் டிவிக்கு 92.50 எங்கே, 53 எங்கே! மளிகைதான் இன்னும் உறுத்தும். 200 டாலருக்கு அரிசி, பால், காய் வாங்கினால் தெற்கே வரி 12.50, வர்ஜீனியா 2023 முதல் 1 சதவீதம்தான் வாங்குகிறது, அதாவது 2 டாலர். ஆனால் தெற்கே குடியிருப்பவரும் தெருவைத் தாண்டி மளிகை வாங்கி வரலாமே! சம்பள வரியை அப்படித் தாண்ட முடியாது. அதோடு வர்ஜீனியாவில் சொந்தக் காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. டென்னசியில் அந்தத் தொல்லை இல்லை.

சம்பளம் கம்மி என்றால் கணக்கே வேறு. டென்னசி தனக்கென்று குறைந்தபட்ச ஊதியச் சட்டம் போடவில்லை. மத்திய அரசின் மணிக்கு 7.25 டாலர்தான். வர்ஜீனியாவில் அது 2023லேயே 12 டாலர். கடையில் நின்று வேலை பார்க்கிறவர் வடக்கே வேலை தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

சூதாட்ட விடுதி வர்ஜீனியா பக்கம் மட்டும். 2022ல் ஒரு பழைய மாலில் திறந்தது. கார் பந்தய மைதானம் டென்னசி பக்கம். கன்ட்ரி மியூசிக் என்ற அமெரிக்க இசையில்தான் இரு பக்கமும் பங்காளிகள்: 1927ல் அதன் முன்னோடிப் பாடகர்களான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோஜர்ஸும் பாடிப் பதிவான கட்டடம் நின்றது தெற்கே, அதற்கான அருங்காட்சியகம் வடக்கே.

என் கணிப்பு: வீடும் வேலையும் சேர்ந்து டென்னசியில் அமைந்தால் யோசிக்காமல் தெற்கு. வேலை வடக்கே என்றால் வரிக்காக வீடு மாற்றாதீர்கள். அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியை மட்டும் நம்பி வாழும் பெரியவருக்கு வடக்கே பார்க்கலாம். வர்ஜீனியா அதற்கு வரி போடுவதில்லை, மளிகையும் அங்கேதான் மலிவு.