வடசென்னையிலிருந்து ஓர் இரவு காட்டோரம்: நாகலாபுரமா, தடாவா, குடியமா?

தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் குடியிருப்பவர்களுக்கு இரவு என்றால் கன்டெய்னர் லாரிகளின் உறுமலும், மணலிப் பக்கத்து வானில் சுத்திகரிப்பு ஆலையின் சுடர் படர விடும் செந்நிறமும்தான். இந்த ஓசையும் வெளிச்சமும் இல்லாத ஓர் இரவைக் கூடாரத்தில் கழிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஏலகிரியைத்தான் முதலில் நினைக்கிறார்கள். ஆனால் நம் பகுதியிலிருந்து ஏலகிரிக்குப் போக வேண்டுமானால் நகரத்தைக் குறுக்கே கடந்து, அதன் பிறகு 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கும். சனிக்கிழமை வேலை முடித்துப் புறப்பட்டு ஞாயிறு மாலை வீடு திரும்ப வேண்டியவருக்கு அது ஒத்துவராது. செங்குன்றத்தைத் தாண்டினால் நாகலாபுரம் மலைகள், தடா அருவி என்று நாம் அழைக்கும் உப்பலமடுகு, பூண்டி ஏரிக்கு அருகிலுள்ள குடியம் காடு ஆகிய மூன்றும் காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் சேர்ந்துவிடக்கூடிய தொலைவில் இருக்கின்றன.

ஒப்பிடத் தொடங்குவதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவை யாவும் காப்புக்காடுகள். வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே கூடாரம் அடித்து இரவு தங்குவது சட்டப்படி குற்றம். நாகலாபுரமும் உப்பலமடுகும் ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில் இருப்பதால், தமிழ்நாட்டு வனத்துறையிடம் பெறும் அனுமதி அங்கே செல்லாது. அதோடு, செம்மரம் இயற்கையாக விளைவது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட மலைத் தொடரில், இருட்டிய பின் டார்ச் விளக்கோடு அனுமதியின்றி நடமாடுவதை வீரம் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பது என் கவலை.

அழகை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நாகலாபுரத்துக்கே முதலிடம். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி வழியாகப் போகும் அந்தச் சாலையே ஒரு சுகம். ஆடி மாத ஞாயிறுகளில் மட்டும் பவானி அம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிப் போகும் நம் ஊர்க் குடும்பங்களால் பெரியபாளையத்தில் நகர முடியாது. கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாளின் நினைவாக எழுப்பிய வேதநாராயணர் கோயில் ஊருக்குள் இருக்கிறது. மலைக்குள் போனால் படிகம் போன்ற சுனைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் அந்தச் சுனைகள் அமைந்திருப்பது செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவிலுள்ள குறுகலான ஓடையில். மேலே எங்கோ பெய்யும் மழையைப் பாறை உறிஞ்சிக்கொள்ளாது என்பதால், கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை அந்தப் பக்கம் இரவு தங்கலைப் பற்றி எண்ணவே கூடாது.

தடாவின் பலம், அங்கே போய்ச் சேர்வது எளிது என்பதே. சூலூர்பேட்டை மின்சார ரயிலில் ஏறித் தடாவில் இறங்கி, வரதய்யபாளையம் வழியாக ஆட்டோவில் அருவியின் நுழைவாயில் வரை போகலாம். அந்த எளிமையே அதன் குறையாகவும் ஆகிவிட்டது. வார இறுதிகளில் கூட்டமும் பாட்டுப்பெட்டியும் குறைவதில்லை. சிவராத்திரிக்கு அங்குள்ள சிவன் சன்னிதிக்கு வருகிறவர்கள் வேறு. நீச்சல் தெரியாதவர்கள் ஆழமான மடுக்களில் உயிரிழந்த செய்திகளும் ஆண்டுதோறும் வருகின்றன. அமைதியைத் தேடுகிறவருக்கு இது பகல் பொழுதுக்கான இடம். அதுவும் வார நாளில்.

குடியத்தை நம்மில் பலர் காடாகவே எண்ணுவதில்லை என்பது எனக்கு வருத்தம். பெரம்பூரிலோ வில்லிவாக்கத்திலோ ரயில் ஏறினால் திருவள்ளூர், அங்கிருந்து பூண்டி. அருவி கிடையாது, உயர்ந்த சிகரமும் கிடையாது. முள்ளும் புதரும் செம்மண்ணுமான அல்லிக்குழி மலை. ஆனால் அங்குள்ள குடியம் குகைப் பாறையின் பக்கத்தில் நின்று பார்த்தால், முஷ்டி அளவிலிருந்து தலையளவு வரை உருண்டையான கூழாங்கற்கள் யாரோ கையால் பதித்தது போல் பாறை முழுவதும் செறிந்திருக்கும். குவார்ட்சைட் என்னும் அத்தகைய கடினமான கற்களை உடைத்துத்தான் ஆதி மனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டில் கண்டறிந்த தொல்லியல் களமான அதிரம்பாக்கம் இதே கொற்றலை ஆற்றுப் படுகையில்தான் இருக்கிறது. அங்கே கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. தமிழ்நாடு வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குடியமும் சேர்க்கப்பட்டிருப்பதால், இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு முறையாக நடக்கலாம். அது பகல்நடை மட்டுமே. கோடையில் காட்டுத் தீ அச்சத்தால் நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு.

அப்படியானால் கூடாரத்தை எங்கே அடிப்பது? காட்டுக்குள் அல்ல, காட்டோரத்துத் தோப்பில் என்பதே நான் கண்ட விடை. பூண்டிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் இடையில் மாந்தோப்புகள் நிறைய உள்ளன; உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றால் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. சென்ற தை மாதம் அப்படி ஒரு தோப்பில் தங்கினேன். வேலியோரம் சமதரையாகத் தெரிந்த இடத்தில் கூடாரத்தை விரித்தபோது காவலுக்கு இருந்த பெரியவர் ஓடி வந்து, "தம்பி, இங்க வேணாம், இது பன்னி எறங்குற தடம். அந்தக் கெணத்தாண்ட போட்டுக்கோங்க" என்றார். கிணற்றடியில் சரளை மண். இரண்டு முளைகள் வளைந்த பிறகு, கயிறுகளைக் கற்களில் கட்டிச் சமாளித்தேன். இரவெல்லாம் மாம்பூவின் வாசம். வழுவழுப்பான தரையில் விட்டெறிந்த கோலிக்குண்டு துள்ளித் துள்ளி அடங்குவது போன்ற பக்கிக் குருவியின் குரலைத் தவிர வேறு ஓசையே இல்லை. நாகலாபுரத்தின் எந்தச் சுனையும் எனக்கு அந்த நிம்மதியைத் தந்ததில்லை.

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் இதற்கு உகந்த காலம். அதே பருவத்தில் பனி கடுமையாக இறங்கும் என்பதால், ஒற்றைத் துணியில் தைத்த மலிவான கூடாரத்தில் விடியற்காலையில் உட்புறமே சொட்டத் தொடங்கிவிடும். மேல்விரிப்பு தனியாக உள்ள இரட்டை அடுக்குக் கூடாரம் வாங்குவது நல்லது. புல்வெளியில் வெறும் தரையில் படுக்க வேண்டாம். புதர்க்காடுகளின் சிறு பூச்சிகளால் வரும் உண்ணிக் காய்ச்சல் குளிர்மாதங்களில் நம் மாநிலத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது. காய்ந்த சருகுகள் நிறைந்த தோப்பில் விறகு மூட்டாமல், சமைத்த உணவையே கொண்டு போய்விடுவது தோப்புக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை. திரும்பி வந்த பின், ஈரக் கூடாரத்தைப் பையோடு பரண்மேல் போட்டுவிடாமல், மொட்டை மாடிக் கொடியில் ஒரு நாள் உலர்த்தி, மடிப்புகளில் ஒட்டிய செம்மண்ணை உதறிவிட்டுச் சுருட்டி வையுங்கள். இல்லையேல் அடுத்த தைக்கு எடுக்கும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும்.