ஜேசிபியா, குந்தாலியா? உண்ணிச்செடி மண்டிய நிலத்தைத் தீ வைக்காமல் மீட்பது

2020-ல் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, விவசாயக் குடும்பத்தில் பிறக்காதவர்களும் விவசாய நிலம் வாங்கலாம் என்று ஆக்கியதிலிருந்து, பெங்களூரில் நாலு தமிழர்கள் கூடினால் ஆனேக்கல், கனகபுரா, மாகடி என்று பேச்சு போகாமல் இருப்பதில்லை. வாங்கியவர்கள் பலருக்கும் கிடைத்திருப்பது வருஷக்கணக்காக ஏர் படாத தரிசு. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி, அதாவது லண்டானா. அது இல்லாத இடமெல்லாம் பார்த்தீனியம் என்ற களை. என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஜேசிபி விடலாமா, ஆள் வைத்துக் குந்தாலியால் வெட்டலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் வைத்து, வேரைப் பார்த்து வெட்டுங்கள். எங்கள் நிலம் ஆனேக்கல் தாலுகாவில், பன்னேர்கட்டா காட்டுக்குப் பக்கத்தில், இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நாங்கள் அப்படித்தான் செய்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் அதே பருவத்தில் ஜேசிபி விட்டார். இரண்டு பக்கமும் ஒரே செம்மண், ஒரே மழை, ஒரே செடி. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வாய்ப்பு கிடைத்தது.

தீ வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காட்டோரத்தில் ஒரு பொறி போதும், மலையே எரியும். அது போக, உண்ணிச்செடி தீயில் சாவதில்லை. மேலே கருகினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சாவதெல்லாம் அதன் நிழலில் தட்டுத் தடுமாறி வளர்ந்துகொண்டிருந்த புங்கன் கன்றும் வேம்புக் கன்றும்தான்.

களைக்கொல்லியை நாங்கள் தொடவில்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாகத்தான் அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது; கடையில் வாங்கி நாமே அடிப்பது பல இடங்களில் நடக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. அடித்தாலும் பச்சை இலைதான் மருந்தை உறிஞ்சும், மண்ணில் கிடக்கும் விதையை அது ஒன்றும் செய்யாது. செத்து நிற்கும் உண்ணிப் புதர் மார்ச் மாத வெயிலில் காய்ந்து நின்றால் தீக்கு நாமே விறகு அடுக்கி வைத்த மாதிரி.

ஆடு விட்டால் தின்று தீர்த்துவிடாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தீர்க்காது. உண்ணி இலையில் கால்நடைக்கு நஞ்சு இருக்கிறது, தின்றால் ஈரல் கெடும், வெயில் பட்ட தோல் வெந்துபோகும். பார்த்தீனியத்தையும் ஆடு மாடுகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆக, ஆடு நல்ல புல்லைத்தான் மேயும், கெட்டதை விட்டுவைக்கும். களையோடு போட்டி போட வேண்டிய புல்லையும் நாம் இழந்து நிற்போம். சுத்தம் செய்த பிறகு எருவுக்காக ஆடுகளை நிலத்தில் அடைத்துக் கிடை போடுவது வேறு விஷயம், அது நல்லதுதான்.

சரி, ஜேசிபிக்கு வருவோம்.

அதன் வசதியை மறுக்க முடியாது. எங்கள் பக்கம் ஒரு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய் வாக்கில் கேட்கிறார்கள். காலையில் வந்தால் சாயங்காலத்துக்குள் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் செம்மண். நண்பருடைய நிலம் அப்படி ஆனபோது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் பாராட்டினார்கள். எங்கள் பக்கம் அப்போது இன்னும் பாதிப் புதரோடு நின்றுகொண்டிருந்தது.

வித்தியாசம் மழைக்குப் பிறகுதான் தெரிந்தது. நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவு என்று நாம் கணக்குப் போடுவது முதல் நாள் செலவை. உண்மையான செலவு அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களில் எவ்வளவு மறுபடி முளைக்கிறது என்பதில் இருக்கிறது. எனக்கு இந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

ஜேசிபி வாளி செடியை மட்டும் பிடுங்குவதில்லை. மேல்மண்ணை ஒரு சாண் அளவுக்குச் சுரண்டிக்கொண்டு போகிறது. வேர் பல இடங்களில் பாதியில் அறுந்து, துளிர்க்கக்கூடிய அடிக்கட்டையோடு உள்ளேயே நிற்கிறது. சுரண்டிய மண்ணும் செடியும் கலந்து ஒரு மூலையில் குவிகிறது. நண்பருடைய நிலத்தின் வடக்கு மூலையில் அப்படி ஒரு குவியல், கிட்டத்தட்ட வீட்டு உயரம். ஜூன் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் குவியல் முழுக்கப் பச்சை. ஈர மண்ணுக்குள் படுத்த தண்டுகள் கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தன. கையால் ஒரு தண்டை இழுத்தேன், வரவில்லை. நிலத்தில் இருந்த நல்ல மேல்மண்ணெல்லாம் அந்தக் குவியலில்தான் இருந்தது, செடிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வெறுமையான மற்ற இடத்தில் பார்த்தீனியம் வந்தது. இதன் விதை மண்ணின் மேற்பரப்பை ஒட்டி இருந்தால்தான் முளைக்கும். ஆழத்தில் புதைந்தால் முளைக்காது, ஆனால் சாகவும் சாகாது. மேலே கிடக்கும் விதையைவிட நெடுநாள் உயிரோடு காத்திருக்கும். மண்ணைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் பழைய விதை கொஞ்சம் வெளிச்சத்துக்கு வருகிறது, புது விதை கொஞ்சம் உள்ளே போகிறது. ஒரே செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடக்கூடியது, முளைத்து ஒரு மாதம் தாண்டியதுமே பூக்கத் தொடங்கிவிடும். புல் பூண்டு இல்லாத வெற்றுச் செம்மண் அதற்குத் திறந்த வாசல். நண்பர் அந்த வருஷமே மறுபடி வண்டி கூப்பிட வேண்டியிருந்தது, அதற்கடுத்த வருஷம் ரொட்டவேட்டர். இரண்டுமே மண்ணைப் புரட்டும் வேலைதான்.

எங்கள் பக்கம் செய்தது டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை. கேட்க மிக எளிது. நின்ற இடத்திலேயே உண்ணிச்செடி மறுபடி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான். அந்தக் கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டிவிட்டால், கீழே மிஞ்சும் வேர் துளிர்ப்பதில்லை. வெட்டிய புதரை அந்த இடத்திலேயே தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், வேர் வானத்தைப் பார்த்துக் காய வேண்டும். அவ்வளவுதான். மண்ணைக் கிண்டுவதில்லை, குழி தோண்டுவதில்லை.

வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் தளி பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவர் கவைக்கோலால் புதரை ஒரு பக்கமாக நெட்டித் தூக்குவார், இன்னொருவர் குனிந்து குந்தாலியின் பட்டைப் பக்கத்தால் வேரைக் குறுக்காக வெட்டுவார். வேரில் சரியாகப் பட்டால் புதர் மொத்தமும் ஒரு குலுங்கு குலுங்கிக் கவைக்கோலோடு வந்துவிடும். அவர்களில் மூத்த அக்கா ஒருவர் முதல் நாளே புரிந்துகொண்டார். புதிதாக வந்த பையன் மண்மட்டத்துக்கு மேலே வெட்டியதைப் பார்த்து, "தம்பி, மேலாக வெட்டாதே, ஒண்ணு போன எடத்துல நாலு வரும், கழுத்துக்குக் கீழே போடு" என்று சத்தம் போட்டார். அதற்கப்புறம் நான் மேற்பார்வை பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

எங்கள் பக்கம் ஆண் கூலி 700, பெண் கூலி 500 என்று நடக்கிறது. வேர் வெட்டும் வேலைக்கு நாங்கள் எல்லோருக்கும் 700 கொடுத்தோம், வேலை ஒன்றுதானே. மொத்தமாகக் கூட்டினால் முதல் வருஷம் ஜேசிபி செலவைவிட எங்களுக்கு நிச்சயம் கூடத்தான் ஆயிற்று. அதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அடுத்த வருஷம் எங்களுக்குத் தேவைப்பட்டது கை களை எடுக்கச் சிலர் மட்டும். மரத்தடியிலும் வேலியோரத்திலும்தான் உண்ணிக் கன்று அதிகம் முளைக்கும், ஏனென்றால் கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்றுவிட்டு அங்கேதான் உட்கார்ந்து எச்சமிடும். மழை பெய்த ஈரத்தில் அந்தக் கன்றுகள் இரண்டு விரலால் இழுத்தாலே வந்துவிடும். எந்த இடம் என்று தெரிந்தால் நிலம் முழுக்க அலைய வேண்டியதில்லை.

வெட்டுவதோடு நிறுத்திவிட்டால் இந்த முறையும் பாதிதான். திறந்த மண்ணை உடனே மூட வேண்டும். நாங்கள் கவிழ்த்த புதர்களுக்கு நடுவே கொள்ளும் சணப்பையும் தெளித்தோம், வழக்கமாக விதைப்பதைவிட இரண்டு மடங்கு நெருக்கமாக. உழவில்லை, கொத்துக் கருவியால் மேலாகக் கீறிவிட்டதோடு சரி. இந்தப் பக்கத்து விவசாயிகள் ராகியோடு அவரை கலந்து போடுவதும் மண்ணை மூடத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு உழ வேண்டும், அதை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தானாக வரும் தகரைச் செடியைப் பிடுங்காதீர்கள், அது பார்த்தீனியத்தை நெருக்கித் தள்ளும்.

பார்த்தீனியம் எங்களுக்கு வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். பாதையோரத்திலும் போர்வெல் பக்கத்திலும் வந்தது. பூப்பதற்கு முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்கிக் குழியில் மக்கவைத்தோம். பூத்துவிட்டால் எருக்குழிக்குப் போகக் கூடாது, விதை திரும்ப நிலத்துக்கே வந்துவிடும். முழுக்கைச் சட்டையும் முகத்துக்குத் துணியும் கட்டாயம், சிலருக்கு மேலெல்லாம் தடித்து மூச்சே திணறும். இலைகளில் பழுப்புக் கோடு போட்ட வெளிர் வண்டு தென்பட்டால் அதை ஒன்றும் செய்யாதீர்கள். மெக்சிகோவிலிருந்து வந்த அந்த வண்டை 1984-ல் முதன்முதலாக வெளியில் விட்டது நம் பெங்களூரில்தான். அது பார்த்தீனிய இலையைத் தின்னும், வறட்சிக் காலத்தில் மண்ணுக்குள் போய்த் தூங்கும். மண்ணைப் புரட்டாமல் வைத்திருக்க எனக்கு அது இன்னொரு காரணம்.

பிரஷ் கட்டரைப் பற்றியும் கேட்பார்கள். பாதை எடுக்கவும் புல் மட்டம் தட்டவும் அருமையான கருவி, நாங்களும் வைத்திருக்கிறோம். உண்ணிக்கு மட்டும் அதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள், அது மண்ணுக்கு மேலேதான் வெட்டும், அந்த அக்கா சொன்னதுபோல நாலாக வரும். பூத்த பார்த்தீனியத்தில் ஓட்டினால் மகரந்தமும் சாறும் முகத்தில் தெறிக்கும்.

ஜேசிபி தேவைப்படும் இடம் இல்லாமல் இல்லை. பெங்களூரைச் சுற்றிப் பழைய தைலமரத் தோப்புகள் நிறைய உண்டு. வெட்டி விட்டுப்போன கட்டை துளிர்த்துக்கொண்டே இருக்கும், அதை மனிதக் கையால் தோண்டச் சொல்வது கொடுமை. அங்கே கட்டைக்கு மட்டும் வண்டியைக் கூப்பிடுங்கள், மேல்மண்ணை வழிக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் கூடவே நின்று சொல்லுங்கள். பத்து இருபது ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்துமா என்றால், எனக்கு அந்த அளவில் அனுபவம் கிடையாது. அவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரு பகுதி என்று பிரித்துச் செய்வதுதான் சரியாக வரும் என்று நினைக்கிறேன். செங்குத்தான சரிவிலும் நான் வேலை பார்த்ததில்லை, ஆனால் சரிவில் மேல்மண்ணை வழித்தால் அடுத்த மழையில் அது ஏரிக்குப் போய்விடும் என்பதற்கு அனுபவம் தேவையில்லை.

காய்ந்த புதரை என்ன செய்வது என்பது கடைசிக் கவலை. சரிவுக்குக் குறுக்காக வரிசையாக அடுக்கினோம், ஓடிவரும் மண் அங்கே தங்குகிறது, மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்கிறது. தடித்த கொம்புகளை ஊர்க்காரர்கள் வெந்நீர் அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் போடாதீர்கள், காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கும். அடுக்கைப் பிரிக்கும்போது கண்ணாடி விரியன் இருக்கலாம் என்று நினைத்தே கை வையுங்கள், முதலில் கோல், அப்புறம் கை. ஆட்களுக்கு கம்பூட் வாங்கிக்கொடுப்பது நம் பொறுப்பு.

வெட்ட ஏற்ற நேரம் ஏப்ரல், மே மாதத்துக் கோடை மழை ஒன்றிரண்டு பெய்த பிறகு. மார்ச்சில் எங்கள் செம்மண்ணில் குந்தாலி இறங்காது, மழைக்குப் பிறகு ஒரே வெட்டில் வேர் போகும். ஆனால் அதே வாரத்தில் எல்லோருக்கும் உழவு வேலை வந்துவிடும், ஆள் கிடைக்காது. மார்ச்சிலேயே போய்ப் பேசி, முன்பணம் கொடுத்து வைத்துவிடுங்கள்.