ஏற்காடு 'வரலாற்று நடை': காசுக்குத் தகும், ஆனால் கல்லறைத் தோட்டத்துக்குக் கால் மணி போதாது

சேலத்தில் இருந்து வேனில் ஏற்றிப்போய் ஒரே நாளில் ஏற்காட்டைச் சுற்றிக்காட்டும் 'வரலாற்று நடை' ஒன்று இருக்கிறது, ஆளுக்கு 1,200 ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன், நடத்துகிறவர்கள் சின்னப் பையன்கள், பிழைத்துப்போகட்டும். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். குறைந்த ஒன்றரையில் பெரும்பகுதி ஒரே இடத்துக்காக, ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்காக.

முதலில் நல்லது. ஓட்டுநர் தங்கமானவர். இருபது கொண்டை ஊசி வளைவையும் அப்படி நிதானமாக ஏற்றினார், என் மாமியார் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைக்காமலே மேலே வந்து சேர்ந்தார். வழிகாட்டித் தம்பி சங்ககிரிப் பக்கம், காபி விஷயத்தில் கெட்டி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காபியும் ஆரஞ்சும் பேரிக்காயும் இந்த மலைக்குக் கொண்டுவந்தது, அவருடைய கிரேஞ்ச் பங்களா, காபிக்கு ஏன் நிழல் வேண்டும், சில்வர் ஓக் மரத்தில் எதற்கு மிளகுக் கொடி ஏற்றுகிறார்கள் என்று கேட்கக் கேட்கச் சொன்னார். சாப்பாடு மலையாளிகள் ஊரில் ஒரு வீட்டில் (கேரளம் இல்லை, காஞ்சிபுரத்தில் இருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்று கதை சொல்லும் இந்த மலைக்காரர்கள்). சாமைச் சோறு, கொள்ளுப் பருப்பு, ரசம். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்புறம் கல்லறைத் தோட்டம். கொடுத்தது கால் மணி நேரம், அதில் பாதி குரூப் போட்டோவுக்கே போய்விட்டது. "இதெல்லாம் அந்தக் காலத்து எஸ்டேட் தொரைங்க சமாதிங்க்கா" என்று தம்பி முடித்துவிட்டார். புரூஸ் ஃபூட் இருக்கும் இடம் எது என்று கேட்டேன். "அவரும் ஒரு தொரைதானுங்க்கா, காப்பித் தோட்டம் வெச்சிருந்தாரு" என்றார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

ராபர்ட் புரூஸ் ஃபூட் தோட்டக்காரர் இல்லை, நிலவியல் துறைக்காரர். 1858ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, ஊர் ஊராகக் கல்லையும் மண்ணையும் பார்த்துக்கொண்டு அலைந்தவர். 1863 மே 30 அன்று சென்னை பல்லாவரத்தில் சரளைக் கல்லுக்கு நடுவே ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, இது தானாக உடைந்தது இல்லை, மனிதக் கை செதுக்கிய கோடரி என்று கண்டுபிடித்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு அதுதான் தொடக்கம். அதே வருடம் செப்டம்பரில் அவரும் உடன் வேலை பார்த்த கிங்கும் திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்தில் கற்கால மனிதர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த கற்கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டு வரை போகும் என்று 2011ல் ஆய்வு வந்தது. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலும் தீட்டி வழவழப்பாக்கிய புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. ஃபூட் சேகரித்ததை எல்லாம் 1904ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார், 1912 டிசம்பர் 29ல் கல்கத்தாவில் இறந்தார், அஸ்தி இங்கே வந்தது.

குடும்பமே அப்படித்தான். மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்தபோது பைபிளைத் தமிழாக்க ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டவர். (பிற்பாடு பாதிரிமாரை அந்த நாவலர் எழுத்தாலேயே வறுத்தெடுத்தது தனிக்கதை.) சென்னைக்கு வந்து 1855ல் தினவர்த்தமானி பத்திரிகை நடத்தினார், மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார், தமிழ்ப் பழமொழிகள் ஆறாயிரத்துக்கு மேல் திரட்டி அச்சில் போட்டார். அவரும் இதே ஏற்காட்டில்தான் 1882ல் காலமானார். ஃபூட்டின் மகன் ஹென்றி பட்டாளத்துக்காரர், அவரும் 1884 வாக்கில் கர்நூல் பக்கம் பில்ல சுர்கம் குகைகளைத் தோண்டியவர். மாமனார் பழமொழி பொறுக்கினார், மருமகன் கல் பொறுக்கினார், பேரன் குகைக்குள் எலும்பு தேடினார். இப்படி ஒரு குடும்பத்துக் கதை கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுக் காபி துரை என்று சொல்லி வேனில் ஏற்றுவதை என்ன சொல்ல?

இதில் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போனது தெரியுமா, மசாலா, தைலம், தேன் விற்கும் கடைக்கு. முக்கால் மணி நேரத்துக்கு மேல். கமிஷன் இருக்கும், இருக்கட்டும், வேனுக்கு டீசல் யார் போடுவது. ஆனால் அதில் இருபது நிமிடத்தைக் கல்லறைக்குக் கொடுக்கலாம் இல்லையா. நடத்துகிறவருக்கு போன் போட்டுச் சொன்னேன். "ஏனுங்க்கா, காசு குடுத்துட்டு சமாதியவா பாக்க வருவாங்க?" என்றார். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் நம் பக்கத்தில் தோட்டத்து மேட்டில் தாத்தன் சமாதி இல்லாத காடு எத்தனை இருக்கிறது? முதலில் வந்து காடு திருத்திக் கிணறு வெட்டியவர் யார் என்று கேட்டால் ஏழு தலைமுறைக்குக் கதை சொல்லும் ஆட்கள் நாம். சொல்கிற விதத்தில் சொன்னால் நின்று கேட்போம். அதையும் சொன்னேன், "பாக்கலாமுங்க்கா" என்றார். தம்பிக்கு ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பியும் இருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: பதிவு செய்யும்போதே கல்லறைத் தோட்டத்துக்கு அரை மணி வேண்டும் என்று கேளுங்கள், ஆறேழு பேராகச் சேர்ந்து கேட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்றுதான் தோன்றுகிறது. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், புல்லுக்குள் கல் தடுக்கும். வயதானவர்களுக்கு வேன் ஏறி இறங்குவதுதான் சிரமம், நடை அதிகம் இல்லை. கழிப்பறை வசதி சாப்பாட்டு வீட்டில் சுத்தமாக இருந்தது, கடையில் மோசம். மே மாதக் கோடை விழா சமயத்தில் மட்டும் போகாதீர்கள், மலைப்பாதையில் வண்டி நகரவே நகராது, அப்புறம் கால் மணி நேரமும் கிடைக்காது.