நாக்ஸ் அடாப்டர்: எந்த வண்டிக்கு லாபம், எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

அமெரிக்காவில் சிசிஎஸ் போர்ட் (டெஸ்லா அல்லாத மின்கார்களில் வழக்கமாக இருந்துவந்த வேகச் சார்ஜிங் போர்ட்) உள்ள மின்கார் வைத்திருப்பவர்கள் டெஸ்லாவின் வேகச் சார்ஜிங் நிலையமான சூப்பர்சார்ஜரில் சார்ஜ் போட வேண்டுமானால், டெஸ்லாவின் பிளக்கை இந்தப் போர்ட்டோடு இணைக்கும் நாக்ஸ் (என்ஏசிஎஸ்) அடாப்டர் வேண்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 400 வோல்ட் பேட்டரி உள்ள வண்டிக்குத் தயங்காமல் வாங்கலாம். 800 வோல்ட் வண்டிக்கு இது ஒரு கைகாவல், அவ்வளவுதான்.

2022 நவம்பரில் டெஸ்லா தன் பிளக் வடிவமைப்பைப் பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. 2023 மே மாதம் ஃபோர்டு சேர்ந்தது, ஜூனில் ஜிஎம்மும் ரிவியனும் வந்தன, பிறகு ஏறக்குறைய எல்லோருமே. வாகனத் தரங்களை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பு அதற்கு ஜே3400 என்று தர எண் கொடுத்தது. பிளக் ஒன்றாகிவிட்டது சரி, வோல்டேஜ் ஒன்றாகவில்லை. இன்று வருகிற குழப்பத்தில் பாதிக்குக் காரணம் இதுதான்.

இந்த அடாப்டருக்குள் மொழிபெயர்க்கும் சர்க்யூட் எதுவும் கிடையாது. பெரிய இரண்டு பின்கள், எர்த், வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் இரண்டு சிக்னல் பின்கள், கூடவே வெப்ப உணரி. வி3 (மூன்றாம் தலைமுறை) சூப்பர்சார்ஜர் சிசிஎஸ் வண்டியோடு அதன் மொழியிலேயே பேசும் என்பதால் இது போதும். பழைய 150 கிலோவாட் வி2 கம்பங்களுக்கு அந்த மொழி தெரியாது. எந்த அடாப்டரைப் போட்டாலும் அங்கே மற்ற வண்டிகளுக்குச் சார்ஜ் ஏறாது. டெஸ்லா செயலியில் மற்ற மின்கார்களுக்கான பகுதியில் அந்த நிலையம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாங்கும்போது அடாப்டரின் உடம்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 500 ஆம்பியர், 1000 வோல்ட் என்று இருக்க வேண்டும். யுஎல் 2252 பாதுகாப்புச் சான்று இருந்தால் இன்னும் நல்லது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஏசி அடாப்டர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவை வீட்டுச் சார்ஜருக்கானவை, சூப்பர்சார்ஜர் போன்ற டிசி வேகச் சார்ஜரில் மாட்டவே கூடாது. கார் நிறுவனம் தருவதை வாங்குவதே எங்கள் பரிந்துரை. 2024 செப்டம்பரில் ஜிஎம் 225 டாலருக்கு விற்கத் தொடங்கியது. நிறுவனத்தின் பொருள் என்பதற்காகக் கவனிக்காமல் விடவும் கூடாது. 2024 அக்டோபரில் ஃபோர்டு தான் கொடுத்த அடாப்டர்களில் ஒரு பகுதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தது. நாளடைவில் சார்ஜிங் வேகம் குறையலாம், போர்ட் பழுதாகலாம் என்பதே காரணம். பழைய ஃபோர்டு வண்டியோடு அடாப்டரும் சேர்ந்து வந்தால், மாற்றிய அடாப்டரா என்று விசாரியுங்கள்.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் அடாப்டரைச் சூப்பர்சார்ஜர் பிடியில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு இரண்டையும் சேர்த்தே வண்டியில் செருகுங்கள். செயலியில் கம்பத்தின் எண்ணைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். தொடங்கவில்லையென்றால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்: அடாப்டர் பிடியில் முழுதாக உட்காரவில்லை, அல்லது பக்கத்துக் கம்பத்தின் எண்ணை அழுத்திவிட்டீர்கள். கழற்றும்போது முதலில் சார்ஜிங்கை நிறுத்தி, வண்டியில் பூட்டைத் திறந்து, அடாப்டரைப் பிடித்து இரண்டையும் ஒன்றாக வெளியே எடுங்கள். கடைசியில் பிடியிலுள்ள பொத்தானை அழுத்தி அடாப்டரைப் பிரியுங்கள். மின்சாரம் ஓடும்போதே பிடி மட்டும் அடாப்டரிலிருந்து கழன்றால் பின்களுக்கிடையே தீப்பொறி பறக்கும். நல்ல அடாப்டரில் அப்படிக் கழலாதபடி உள்ளே ஒரு பூட்டு இருக்கும், மலிவுப் பொருளில் அதை நம்ப முடியாது. வெயிலில் நெடுநேரம் அதிக ஆம்பியர் ஓடினால் அடாப்டர் சூடாகும். வெப்ப உணரி சார்ஜிங்கைத் துண்டித்தால் ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

உண்மையான தலைவலி கேபிள் நீளம். டெஸ்லாவின் போர்ட் இடப்பக்கம் பின்னால். வண்டியைப் பின்னோக்கி நிறுத்தினால் எட்டும் அளவுக்குத்தான் வி3 கேபிள். ஃபோர்டின் மஸ்டாங் மாக்-இ, எஃப்-150 லைட்னிங், ரிவியன், ஜிஎம்மின் போல்ட் எல்லாவற்றுக்கும் போர்ட் இடப்பக்கம் முன்னால். முகப்பு உள்ளே போகும்படி நிறுத்தினால் உங்கள் இடத்துக் கம்பம் வலப்பக்கமாக நிற்கும், கேபிள் எட்டாது. இடப்பக்கத்து இடத்தின் கம்பத்தைத்தான் எடுக்க வேண்டிவரும். ஒரு வண்டி இரண்டு இடத்தை அடைக்கும், கூட்ட நேரத்தில் சண்டை வரும். வலப்பக்கம் பின்னால் போர்ட் உள்ள ஹூண்டாய் ஐயோனிக் 5-க்கும் இதே கதிதான். வி4 கம்பத்தின் நீளமான கேபிள் இதைத் தீர்க்கிறது. வழியில் வி4 நிலையம் இருந்தால் சில மைல் சுற்றானாலும் அங்கே போங்கள். நீட்டிப்புக் கேபிள் போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இனி வோல்டேஜ். வி3 கம்பத்தின் உச்சம் 500 வோல்ட்தான். 250 கிலோவாட் என்று பலகையில் இருந்தாலும், 800 வோல்ட் வண்டி அந்த வோல்டேஜை உள்ளே ஏற்றிக்கொண்டுதான் சார்ஜ் ஆக வேண்டும். தொழிற்சாலையிலிருந்தே நாக்ஸ் போர்ட்டுடன் வந்த 2025 ஐயோனிக் 5-ஐப் பாருங்கள். 84 கிலோவாட் மணி பேட்டரி 10-லிருந்து 80 சதவீதம் ஏற வி3-யில் 30 நிமிடம், 350 கிலோவாட் சிசிஎஸ் சார்ஜரில் 20 நிமிடம் என்று ஹூண்டாயே சொல்கிறது. அதாவது சொந்தப் போர்ட்டில் நேராக மாட்டுவதைவிட, வண்டியோடு தரும் சிசிஎஸ் அடாப்டரைப் போட்டுச் சிசிஎஸ் சார்ஜரில் நிற்பதே வேகம். கம்பங்களுக்கு மின்சாரம் தரும் 1000 வோல்ட் வி4 அலமாரிகள் பரவினால்தான் இது மாறும். அலமாரியும் வி4 ஆக இருக்க வேண்டும். வி4 கம்பம் நட்டு வி3 அலமாரியோடு இணைத்த நிலையங்கள் நிறைய.

மாக்-இ போன்ற 400 வோல்ட் வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. 150 கிலோவாட்தான் அதன் உச்சம், வி3 அதைத் தாராளமாகத் தாங்கும். நாங்கள் நல்ல மதிப்பெண் கொடுப்பது இந்தச் சேர்க்கைக்குத்தான். ஒரே குறை விலை. டெஸ்லா அல்லாத வண்டிக்கு யூனிட் கட்டணம் கூடுதல், மாதச் சந்தா கட்டினால் குறையும். நெடும்பயணம் போகும் மாதம் மட்டும் சந்தா எடுத்துவிட்டு நிறுத்துங்கள். சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால், நிலையம் நிரம்பியிருக்கும் நேரத்தில் நிமிடத்துக்கு 1 டாலர்வரை அபராதம் ஏறும்.

புதிதாக நாக்ஸ் போர்ட் வண்டி வாங்குகிறவர்கள் அந்தப் போர்ட் ஏசி, டிசி இரண்டையும் ஏற்குமா என்று விற்பனையாளரிடம் கேட்டுவிடுங்கள். 2026 நிசான் லீஃப்பில் ஒரு பக்கம் நாக்ஸ், அது டிசிக்கு மட்டும். வீட்டு ஏசி சார்ஜிங்குக்கு மறுபக்கம் பழைய ஜே1772 போர்ட். வீட்டில் டெஸ்லா சுவர்ச் சார்ஜர் மாட்டியிருப்பவர்கள் இந்த வண்டிக்காகத் தனியாக ஓர் ஏசி அடாப்டர் வாங்க வேண்டும்.