உறுதி சரி, ஆனால் வீடு கட்ட முடியாது: கொழும்பைச் சுற்றிக் காணி தேடுபவர்கள் கவனத்துக்கு

கொலன்னாவை, கொட்டிகாவத்தை, கடுவலைப் பக்கம் துண்டுக் காணிக்கு அட்வான்ஸ் கொடுக்க இருப்பவர்கள் முதலில் இதை வாசித்துவிடுங்கள். வீடு கட்டவே அனுமதி கிடைக்காத காணியை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருக்கிறோம். கொழும்புக்குள் காணி விலை எட்டாத உயரம் என்பதால் வெளியே தேடினோம். காணி விற்பனை நிறுவனம் ஒன்று 8 பேர்ச் துண்டொன்றைக் காட்டியது. முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. கிரவல் கொட்டிச் சமப்படுத்திய நிலம், எல்லைக் கற்கள், மின்கம்பம், பாதை எல்லாம் இருந்தன. “அண்ணை, உறுதியில ஒரு பிரச்சினையும் இல்லை, நாளைக்கே அத்திவாரம் வெட்டலாம்” என்றார் அவர்களுடைய தமிழ் ஊழியர். எங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தார். உறுதி உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

வீட்டு பிளானை அனுமதிக்குக் கொடுத்தபோது குண்டு விழுந்தது. நகர அபிவிருத்தித் திட்டத்தில் அந்தத் துண்டு ஈரநிலப் பாதுகாப்பு வலயத்துக்குள் வருகிறதாம். பிளான் திரும்பி வந்தது, வங்கிக் கடனும் அதோடு நின்றது.

விற்கும்போது ‘கட்டிட அனுமதி’ என்று காட்டிய தாள்களை அப்புறம் ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்தோம். சிங்களத்தில் மட்டும் இருந்த தாள்கள் அவை. ஊழியர்தான் எங்களுக்கு வாசித்து விளங்கப்படுத்தியிருந்தார். ஒன்று தெரு எல்லைச் சான்றிதழ்: வீதியை அகலிக்கும்போது காணியில் எவ்வளவு போகும் என்று சொல்வது. மற்றது, வரி நிலுவைக்காகக் காணி உள்ளூராட்சி சபையின் கைக்குப் போகவில்லை என்று சொல்வது. கட்டலாம் என்று இரண்டிலும் ஒரு வரிகூட இல்லை. தெரிந்தே செய்த ஏமாற்று வேலை இது.

மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். பின் மூலையில் கிரவல் உள்வாங்கி, அடியில் போட்டிருந்த உடைந்த ஓடும் கொங்கிரீட் துண்டும் பொலித்தீனும் வெளியே தெரிந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் சம்புப் புல், ஆகாயத்தாமரை. தண்ணீர் எங்கள் நிலத்தின் மட்டத்துக்கே நின்றது. சதுப்பின் ஒரு துண்டை மூடித்தான் விற்றிருக்கிறார்கள்.

“ஒருவரைப் பிடித்து வலயத்தை மாற்றி எடுக்கலாம்” என்று நிறுவனமே பிறகு ஒரு யோசனை சொன்னது. மறுத்துவிட்டோம். எல்லைக்கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது. கொலன்னாவை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை, ஹீன் எல சதுப்புகள்தான் மழை வெள்ளத்தைத் தேக்கி வைத்து மெதுவாக விடுகின்றன. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. 2016 மே மாதம் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது மறுபடியும் அதே மக்கள்தான் வீட்டை விட்டு ஓடினார்கள். நாங்கள் மண் போட்டு உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துப் பலகை வீடுகளுக்குள்தான் போகும். அதைச் செய்து ஒரு வீடு எங்களுக்கு வேண்டாம்.

நகரம் வளரத்தான் செய்யும், சனத்துக்கு வீடும் வேண்டும். அதை எங்கே நிறுத்துவது என்று சட்டம் இல்லாமலும் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வயலை மூட முடியாது. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் எது பாதுகாக்கப்பட்ட நிலம் என்பது உறுதியிலும் இல்லை, பதிவகத்தில் தேடியபோதும் எங்கள் கண்ணில் படவில்லை. வலயம் எதுவென்று பதிவேட்டிலேயே குறிக்கவேண்டும். இல்லாவிட்டால் விற்பவன் காசோடு போய்விடுவான், வாங்கியவன் கடனோடு நிற்பான், சதுப்பும் மூடப்பட்டதுதான்.

அதுவரை, அட்வான்ஸுக்கு முன்பே சர்வே பிளான் பிரதியை எடுத்துக்கொண்டு உள்ளூராட்சி சபையின் திட்டமிடல் பிரிவுக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் போங்கள். காணி எந்த வலயத்தில் வருகிறது, வீடு கட்டலாமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது. முன்பு வயலாக இருந்ததா என்று கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். அக்கம்பக்கத்து வயதானவர்களிடம் 2016இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள். கட்டிட அனுமதி மறுக்கப்பட்டால் முழுப் பணமும் திரும்ப வரவேண்டும் என்று விற்பனை உடன்படிக்கையில் ஒரு வாசகம் போடச் சொல்லுங்கள். விற்பவர் மழுப்பினால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள்.

அதே நிறுவனம் இப்போது பக்கத்துத் துண்டுகளுக்கும் விளம்பரம் போட்டிருக்கிறது. ஏற்கனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும் காட்டப்பட்ட தாள்களின் பிரதிகளையும் பத்திரமாக வைத்திருங்கள், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பொலிஸ் முறைப்பாட்டில் எல்லாருமாகச் சேர்ந்து கையெழுத்துப் போட ஆயத்தமாகிறோம்.