மேற்கு ஜன்னலுக்குப் பூச்சா, ஃபிலிமா?

மதுரை விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடியில் மேற்குப் பார்த்த ஜன்னல்கள் இரண்டு. வெயில் சூட்டைத் தடுக்க, கூடத்து ஜன்னலின் உட்புறத்தில் அகச்சிவப்பை உறிஞ்சும் திரவப் பூச்சையும், படுக்கையறை ஜன்னலில் அதே வகைத் துகள்கள் கொண்ட செராமிக் ஃபிலிம் என்ற ஒட்டும் பிளாஸ்டிக் தாளையும் ஒரே வாரத்தில் போட்டோம். மூன்று கோடை கடந்துவிட்டது. இன்னொரு முறை போடுவதென்றால் இரண்டுக்கும் ஃபிலிம்தான்.

முதல் ஆண்டில் வெப்பத் தடுப்பில் வேறுபாடு தெரியவில்லை. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைப் பிடித்தாலே அக்கினி நட்சத்திரத்து மாலை நான்கு மணிக்கும் கூடத்தில் உட்கார முடிகிறது. பிடித்த சூட்டில் ஒரு பங்கைக் கண்ணாடி அறைக்குள்ளேயே விடுவது இரண்டுக்கும் பொதுவான குறை.

எத்தனை நாள் உழைக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. எங்கள் பூச்சில் இருந்தவை சீசியம் கலந்த டங்ஸ்டன் ஆக்சைடு நுண்துகள்கள். இளநீலச் சாயல் கொண்ட இவை தம்மிடமுள்ள கட்டற்ற எலக்ட்ரான்களால் அகச்சிவப்பை உறிஞ்சுகின்றன. ஈரமும் சூடும் சேரும்போது ஆக்சிஜன் ஏறி, சீசியம் கசிந்து, அந்த எலக்ட்ரான்கள் குறைந்துவிடுகின்றன. நீலம் வெளிறினால் உறிஞ்சும் திறனும் போய்க்கொண்டிருக்கிறது என்றே பொருள். இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின், ஸ்லைடிங் சட்டத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தையொட்டி விரலகலத்துக்கு எங்கள் பூச்சு வெளிறியது. போர் தண்ணீரின் உப்புக் கறையைத் தேய்த்த தேய்ப்பில் நடுவிலும் கீறல் விழுந்தது. கடைக்காரர் சொன்ன ஆயுளை இங்கே எழுத மனம் வரவில்லை.

ஃபிலிமில் துகள்கள் பாலியெஸ்டர் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அடைபட்டிருப்பதால், துணி படுவது மேலிருக்கும் கடினப் படலத்தின் மீது மட்டுமே. ஈரம் பாலியெஸ்டர் வழியே மெதுவாகத்தான் ஊடுருவும். எளிதாக நுழையும் வழி ஓரம் என்பதால், ஒட்டியபின் சுற்றிலும் நியூட்ரல் சிலிகான் (அமில வாடை இல்லாத அடைப்புப் பசை) இழுக்கச் சொன்னேன். அந்த ஒரு வேலைதான் பெரிதும் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

பூப்போட்ட கண்ணாடியின் மேடுபள்ளத்தில் ஃபிலிம் ஒட்டாது. அங்கே பூச்சுதான் வழி. அப்படியானால் ஈரம் தாக்காதபடி சிலிக்கா உறை போட்ட துகள்களா என்று கேளுங்கள். புற ஊதாக் கதிர் பட்டால் பூச்சின் பிசினிலுள்ள இத்துகள்கள் கருமையேறக்கூடும் என்பதால், அந்தக் கதிரை உறிஞ்சும் பொருளும் கலந்திருக்க வேண்டும். பூச்சு முழுதாக இறுகும்வரை தண்ணீர் காட்டாதீர்கள். ஆன்டிமனி கலந்த டின் ஆக்சைடுப் பூச்சு ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதே தடிப்பில் குறைவாகவே உறிஞ்சும்.

எதைப் போட்டாலும், சன்ஷேடு நிழல் பாதிக் கண்ணாடியில் மட்டும் விழுந்தால் சூடேறிய பகுதிக்கும் குளிர்ந்த ஓரத்துக்கும் இழுபறி ஏற்பட்டுச் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடக்கூடும். ஓரம் சில்லு பெயர்ந்த கண்ணாடியை முதலில் மாற்றிவிடுங்கள்.

ஃபிலிம் பத்தாண்டு தாங்கும் என்று மூன்று கோடையை வைத்துச் சொல்லிவிட முடியாது. மேல் மூலையில் கடுகளவு குமிழ் ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்கிறது, இதுவரை வளரவில்லை.